பதிமூன்று கிராம் குண்டு

அக்காயின் மான் பண்ணை,
1971 ஏப்ரல் 28

மச்சானுக்குக் கப்தேஷ் எழுதுவது.

உறைமேல் குல்ஜான் அக்காவின் பெயரைப் போட்டிருக்கிறேன். உங்கள் பெயரைப் போட்டிருந்தால் பிரிக்காமலே அடுப்பில் வைத்திருப்பீர்கள். அக்கா பிரித்து உங்கள் முன்னால் வைப்பாள் என்று ஒரு நம்பிக்கை.

கரடி திரும்பி வந்துவிட்டது. போன செப்டம்பரில் நீங்களும் நானும் துரத்திய அதே கரடிதான். வலது முன்காலைச் சரியாக ஊன்றுவதில்லை. சேற்றில் மூன்று தடம் ஆழமாக இருக்கிறது, நான்காவது பட்டும் படாமலும். மேற்கு வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்து இரண்டு பெண் மரால் மான்களை அடித்துப் போட்டிருக்கிறது. ஒன்று சினை. காட்டில் ஓடிப் பிடிக்க அதனால் முடியவில்லை, அதனால்தான் வேலிக்குள் அடைபட்டிருப்பதைத் தேடி வருகிறது.

ஜூனில் மருந்துக்கான கொம்பு அறுப்பு. உங்களுக்குத் தெரியும், அப்போது பண்ணையே பட்டிக்குள்தான் நிற்கும். ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர். அதற்கு முன் கரடியைச் சுட்டாக வேண்டும். அனுமதிக் காகிதத்தைப் பண்ணை இயக்குநர் வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டார். "காவலாளி நீதானே, நீதான் சுடணும்" என்றார்.

மாவட்ட அலுவலகத்தில் இருபது தோட்டா கொடுத்தார்கள். போன தடவை நீங்கள் சுட்ட அதே ரகம், இலேசான கூர்மூக்குக் குண்டு. அன்றைக்கு இரண்டு சுட்டீர்கள், கரடி நிற்கவில்லை. கனமான குண்டு போட்டால் நிற்குமா? எந்தக் குண்டு? நம் பழைய துப்பாக்கி அதைத் தாங்குமா? பட்டாளத்தில் ஒன்பது வருடம் துப்பாக்கி பழுது பார்த்தவர் நீங்கள். வேறு யாரிடம் கேட்பேன்?

கை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கப்தேஷ்


ஒஸ்கெமென்,
மே 7

கப்தேஷ்,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம், நடுவில் இருந்த மூன்றும் உன் ஊர்க் காட்டில் கிடக்கின்றன. மற்றபடி கை சுகம். தொழிற்சாலைக் கிடங்கில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு எல்லாம் ஆணி எண்ணிக் கொடுக்கிறேன்.

மார்ச்சில் மருத்துவக் குழுவின் முன்னால் போனேன். அப்போது பண்ணை மெக்கானிக்காக இருந்த என்னைப் பண்ணைதானே கரடிக்குப் பின்னால் அனுப்பியது, வேலையில் பட்ட ஊனம் என்று பதிவார்கள் என நினைத்தேன். அங்கே ஒரு அம்மாள் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். சுட்டவர் அவசரப்பட்டுக் குறி தவறச் சுட்டதால் நேர்ந்தது, பண்ணைக்குப் பொறுப்பில்லை.

"இத யாரும்மா எழுதினது?"

"விசாரணையில உங்க மச்சினன் சொன்னது. கையெழுத்து இருக்கு, பாக்கறீங்களா?"

"வேணாம்மா. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான், எழுந்து வந்துவிட்டேன்.

என்மேல் ஏறி உட்கார்ந்த கரடியை வெறும் கோடாலியால் அடித்து விரட்டியவன் நீ. பதினோரு கிலோமீட்டர் என்னைக் குதிரையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நீ. அதே வாரத்தில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவனும் நீ. இரண்டும் ஒரே ஆள்தானா என்று யோசித்தே எனக்கு ஒரு குளிர்காலம் போய்விட்டது.

குண்டைப் பற்றிக் கேட்டாய். அதற்கு மட்டும் பதில்.

அலுவலகம் கொடுத்தது ஒன்பதரை கிராம் குண்டு. முழுக்கச் செம்பு உறை போட்டது. மனிதனைச் சுடச் செய்தது. கரடியின் சதையில் ஊசி மாதிரி நுழைந்து வெளியே போய்விடும், எலும்பில் பட்டால் திசை மாறும். உனக்கு வேண்டியது பதிமூன்று கிராம். மூக்கு மழுங்கலாக, நுனியில் ஈயம் தெரியும். வேகம் குறைவு, ஆனால் தோள் எலும்பை உடைத்த பிறகும் உள்ளே போவதற்கு அதனிடம் கனம் இருக்கும். வேட்டைக்கென்று ஆலையில் அடைத்து வருகிற தோட்டாவாக இருந்தால் பழைய துப்பாக்கி தாங்கும். யாராவது வீட்டில் வெடிமருந்து கூட்டி அடைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதே.

ஆனால் துப்பாக்கியைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். பூட்டுக்கட்டையில் துருத்தி நிற்கும் இரண்டு காதுகளிலும் விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெயில் துடைத்துப் பார். பின்பக்க மரக்கட்டையின் கழுத்தில் வெடிப்பு உண்டா பார். குறி பார்க்கும் தகடு எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுது. கடைசியாக, ஒரு தோட்டாவைத் திருப்பிப் பிடித்து, குண்டின் மூக்கைக் குழல் வாயில் செருகு. எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து எழுது. நான்கையும் எழுது.

கரடி விழுந்த பிறகு நமக்குள் கடிதம் தேவையில்லை.

முலிக்பாய்


அக்காயின்,
மே 16

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். காகிதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் தனியாக எழுத வேண்டும், இதில் வேண்டாம்.

போன வாரம் மூன்றாவது மான் போனது, நல்ல கொம்பன். இந்தத் தடவை பட்டப்பகல். வேலி பார்க்கிற தாமேலி உப்பு வாளியோடு போனவள் நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். ஓடி வந்தவளுக்குப் பாலும் உப்பும் போட்டுத் தேநீர் கொடுத்தோம்.

"வாளியக் கல்லுல போட்டு டமடமன்னு அடிச்சேன். அது திரும்பிக்கூடப் பாக்கல. தின்னுக்கிட்டே இருந்துச்சு. அது பாட்டுக்குத் தின்னுதே, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மேற்கு வேலிக்குப் போனால் கிழக்கில் வந்திருக்குமோ என்று தோன்றுகிறது. குதிரை இளைத்துவிட்டது. ஜெய்னெப் கைக்குழந்தையோடு, நான் சாப்பிட வரும்வரை கதவிலேயே நிற்கிறாள்.

நீங்கள் கேட்டது: பூட்டுக்கட்டையில் விரிசல் இல்லை. கட்டையின் கழுத்தில் பழைய ஆணி ஒன்று அடித்திருக்கிறது, ஆடவில்லை. குறி பார்க்கும் தகடு முதல் எண்ணில் நிற்கிறது.

சாலை போட வந்த ஒருவனிடம் மஞ்சள் மூக்குத் தோட்டா இருக்கிறது. கனமான குண்டுதான், பன்னிரண்டு கிராம் என்கிறான். "ஒரு ஆட்டுத் தொடை குடு, ரெண்டு டப்பா எடுத்துக்க" என்கிறான். வாங்கவா? இயக்குநர் தினமும் கேட்கிறார். சீக்கிரம் எழுதுங்கள்.

கப்தேஷ்


ஒஸ்கெமென்,
மே 24

கப்தேஷ்,

ஆட்டுத் தொடையை நீயே தின்னு. மஞ்சள் மூக்கு இயந்திரத் துப்பாக்கிக்குச் செய்தது. கனம் இருக்கிறது, ஆனால் அதுவும் முழு உறை, மூக்கும் கூர். கரடிக்குள் ஓட்டை போடுமே தவிர உடைக்காது. மருந்தும் முரடு. அந்தக் கிழத் துப்பாக்கிக்கு என்ன செய்யும் என்று நான் இங்கிருந்து கவலைப்பட வேண்டும். வேண்டாம். கனம் என்றால் எல்லாக் கனமும் ஒன்றல்ல.

இங்கே ஒரு வேட்டைக்காரரிடம் கேட்டு வாங்கிய ஏழு தோட்டாக்கள் லாரி ஓட்டுகிற ராக்கிம்ஜானிடம் இருக்கின்றன. இயந்திரப் பாகத்தோடு உங்கள் பண்ணைக்கு வருகிறான். பதிமூன்று கிராம், மழுங்கல் மூக்கு. அக்கா அந்தப் பொட்டலத்தில் ஜெய்னெப்புக்கு ஒரு சால்வையும் வைத்திருக்கிறாள். அது அவர்களுக்குள் உள்ளது, எனக்குச் சம்பந்தமில்லை.

நேரே கரடியிடம் போகாதே. பழைய செய்தித்தாள் கட்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பின்னால் பலகை வைத்து, ஐம்பது நடையிலிருந்து சுடு. பழைய குண்டு ஐந்து, புதியது ஐந்து. மீதி இரண்டு புதியது கரடிக்குப் போதும். போதாது என்றால் இருபது இருந்தாலும் போதாது. உதைப்பு பலமாக இருக்கும், தோளில் அழுத்திப் பிடி. முன்தாளைக் கழற்றி எனக்கு அனுப்பு.

நான்கு கேள்வி கேட்டேன், மூன்றுக்குப் பதில் எழுதியிருக்கிறாய். குழல் வாயில் குண்டைச் செருகிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ஏன் எழுதவில்லை?

முலிக்பாய்


அக்காயின்,
ஜூன் 2

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். ராக்கிம்ஜான் லாரியை ஓடவிட்டுக்கொண்டு வெளியே நிற்கிறான், அதனால் இது போய்விடும்.

தாளை அனுப்பியிருக்கிறேன். நீங்களே பாருங்கள். மேலே இருப்பது இலேசான குண்டு. ஒன்று தாளிலேயே படவில்லை. இரண்டு வட்டமாகப் போயிருக்கின்றன. மற்ற இரண்டும் நீளத் துளை. குண்டு மூக்கால் போகாமல் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் போயிருக்கிறது. கீழே இருப்பது உங்கள் குண்டு. ஐந்தும் வட்டம், ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள்.

நான்காவது கேள்விக்குப் பதில்: குண்டு தோட்டாவின் பித்தளைக் கூடு வரைக்கும் முழுசாக உள்ளே போகிறது. குழல் தேய்ந்து அகன்றுவிட்டது. இலேசான குட்டைக் குண்டை அதனால் பிடித்துச் சுழற்ற முடியவில்லை. உங்களுடையது நீளம், அதனால் பிடிக்கிறது. இதை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. எனக்கு முன்பே தெரியும்.

மூன்று கோடைக்கு முன் புல் அறுப்புச் சமயத்தில் புக்தர்மா ஆற்றைக் கடக்கும்போது குதிரை தடுக்கி விழுந்தது. துப்பாக்கி தண்ணீருக்குள் போனது. வேலை மும்முரம், ஈரத்தோடு உறையில் போட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டேன். ஒன்பது நாள் கழித்துத் துணி விட்டு இழுத்தால் செங்கல் பொடி மாதிரி வந்தது. பயந்துபோய் மணலும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தேன். துரு போனது, கூடவே உள்ளே குண்டைச் சுழற்றுகிற வரிகளும் போய்விட்டன. போன வருடம் ஜூலையில் பலகையில் சுட்டபோது இதே நீளத் துளையைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. துப்பாக்கி நான் கையெழுத்துப் போட்டு வாங்கியது. சொன்னால் காவல் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். ஜெய்னெப்புக்கு அப்போது ஏழாம் மாதம்.

செப்டம்பரில் அன்று காலை, "நீ குடு, நான் சுடறேன், நீ குதிரையப் பாத்துக்க" என்று நீங்கள் கை நீட்டினீர்கள். கொடுத்துவிட்டேன். வாய் திறந்து சொல்வதற்கு அங்கே நேரம் இருந்தது. குதிரைகளைக் கட்டினோம், நீங்கள் ஒரு சிகரெட் முழுசாகப் பிடித்தீர்கள்.

விசாரணைக்கு வந்தவர் கேட்டார்: "துப்பாக்கி நல்லாத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்ப அவருதான் அவசரப்பட்டுட்டாரா?"

"ஆமா."

எழுதி நீட்டினார். போட்டுவிட்டேன்.

உங்கள் கை ஆடவில்லை மச்சான். நீங்கள் சரியாகத்தான் சுட்டீர்கள்.

கப்தேஷ்


ஒஸ்கெமென்,
ஜூன் 9

கப்தேஷ்,

தாள் வந்தது. நீளத் துளைக்குள் என் இடது கைச் சுண்டுவிரல் போகிறது.

அந்த இரண்டு குண்டையும் நான் இத்தனை மாதமாகத் தினமும் சுட்டுக்கொண்டிருக்கிறேன். மூச்சை அடக்கினேனா, விசையை அழுத்தினேனா இல்லை வெடுக்கென்று இழுத்தேனா என்று. கிடங்கில், பேருந்தில், சாப்பிடும்போது. நாற்பத்தேழு வயதில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, கிழவனாகிவிட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். அதை நீ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல என்னால் முடியவில்லை.

கரடிக்கு: ஐம்பது நடைக்கு மேல் சுடாதே. உன்னைப் பார்த்து நிற்கும்போது சுடாதே, நெற்றி சரிவாக இருக்கும், குண்டு வழுக்கும். பக்கம் திரும்பும்வரை பொறு. முன்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. விழுந்ததும் கிட்டே போகாமல் இன்னொன்று.

இனி எழுதாதே.

முலிக்பாய்


அக்காயின்,
ஜூன் 23

மச்சானுக்கு,

எழுதாதே என்றீர்கள். நீங்கள் கொடுத்த இரண்டு தோட்டாவுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

கொம்பு அறுப்பின் இரண்டாம் நாள் கரடி வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். அறுத்த கொம்பின் இரத்த வாடைக்கு வந்திருக்க வேண்டும். கீழ்ப்பட்டியில் எல்லோரும் மானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், தாமேலி வாளியோடு ஓடிக்கொண்டிருந்தாள். நான் மூன்று நாளாக வேலியோரத்தில் ஒரு பிர்ச் மரத்தடியில்தான் படுத்திருந்தேன். வேலிக்கு வெளியே, முன்பு செத்த மானை இரையாகப் போட்டிருந்தோம். கரடி அதனிடம் போகாமல் நேராக என் பக்கம் பார்த்து வந்தது. நாற்பது நடை.

இயக்குநர் எனக்குப் பின்னால் வந்து குப்புறப் படுத்துவிட்டார். "சுடுடா. என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? சுடுடா" என்று என் பூட்ஸைப் பிடித்து இழுத்தார். நான் சுடவில்லை. நின்றது. மூக்கைத் தூக்கியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, என் வாயில் மண் இருந்ததும் அதை நான் மென்றுகொண்டிருந்ததும் மட்டும் ஞாபகம். பிறகு செத்த மானின் பக்கம் திரும்பியது. சுட்டேன்.

முன்பக்கம் அப்படியே மடிந்தது. எழவே இல்லை. இரண்டாவதையும் நீங்கள் சொன்னபடி போட்டேன்.

எல்லோரும் ஓடி வந்து என் தோளில் தட்டினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கரடி ஒன்றுமே இல்லை மச்சான். விலா எலும்பை எண்ணலாம். வலது தோளில் போன வருடத்துக் குண்டுப் புண் ஆறாமல் சீழ் பிடித்துக் கிடந்தது.

எழுந்துபோய் இயக்குநரிடம் துப்பாக்கியை நீட்டினேன்.

"இத இனி யாருக்கும் குடுக்காதீங்க."

"ஏன்டா, இப்பத்தான ஒரே குண்டுல சாச்ச?"

"அது குண்டோட கனம். குழல் போயிடுச்சு. மூணு வருசமாப் போயிடுச்சு. எனக்குத் தெரியும்."

துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

"முலிக்பாய் சுட்டப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"இத எழுத்துல குடுத்தா வேலை போகும்."

"தெரியும்."

"வீடும் போகும். ஜெய்னெப்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"போய்க் கேட்டுட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

ஜெய்னெப் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் நின்றுகொண்டே சொன்னேன். அவள் குழந்தையைத் துடைத்து முடித்தாள். அப்புறம், "குல்ஜான் அக்கா அனுப்பின சால்வையப் போத்திக்கிட்டு ஊரெல்லாம் நடந்தேன். முன்னமே சொல்லியிருந்தா போத்தியிருக்க மாட்டேன்ல" என்றாள். பிறகு, "போய் எழுதிக் குடு. நான் மூட்டையக் கட்டறேன்" என்றாள்.

இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று விசாரணை அதிகாரிக்கு. ஒன்று உங்கள் ஊர் மருத்துவக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. நாங்கள் ஜெய்னெப்பின் சித்தப்பா வீட்டுப் பின்கட்டில் இருக்கிறோம். என்னைப் புல் அறுப்புக் கூட்டத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னும் விசாரணை இருக்கிறது, என்ன ஆகும் என்று தெரியாது.

அவ்வளவுதான். இனி எழுத மாட்டேன்.

கப்தேஷ்


ஒஸ்கெமென்,
ஜூலை 6

மாப்பிள்ளை,

மருத்துவக் குழு திரும்பக் கூப்பிட்டது. அதே அம்மாள். நீ எழுதியதை ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்தார். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மணல் போட்டுத் தேய்த்தது, சிகரெட் பிடித்தது, எல்லாம் வாசித்தார்.

"ஒம்பது மாசம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் எழுதினாரு?" என்று கேட்டார்.

"கரடி திரும்பி வந்துச்சும்மா" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார். ஆனால் முடிவை மாற்றி எழுதிவிட்டார்கள். வேலையில் பட்ட ஊனம்.

வீட்டுக்கு வந்துதான் அக்காவிடம் சொன்னேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தவில்லை. "சின்னதுலயே அவன் அப்படித்தான். பாலக் கொட்டிட்டுப் பூனையச் சொல்லுவான். மூணாம் நாள் தானா வந்து அழுவான்" என்றாள். அதற்குப் பிறகு அவள்தான் அழுதாள். அந்த ரொட்டியில் உப்பே இல்லை, நாங்கள் இரண்டு பேரும் தின்றோம்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இல்லாத விரல்கள் மழை நாளில் வலிக்கின்றன, அப்போதெல்லாம் உன் முகம்தான் வருகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலை துப்பாக்கியை வாங்கினேனே, பூட்டைத் திறந்து வெளிச்சத்தில் ஒரு தடவை குழலைப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஆயிரம் குழல் பார்த்தவன் நான். நீ மச்சினன் என்பதால் பார்க்கவில்லை. அது என் கணக்கு. இதற்கு நீ பதில் எழுதாதே.

சனிக்கிழமை பேருந்தில் அக்காவும் நானும் வருகிறோம், புல் அறுப்பு முடியும்வரை இருப்போம். அரிவாள் பிடிக்க என்னால் ஆகாது. குதிரை இழுக்கிற புல்வாரியில் உட்கார்ந்து ஓட்ட ஒரு கை போதும், கூட்டத்தலைவனிடம் சொல்லி வை. ஆற்றுப் பாலத்தில் வண்டியோடு வந்து நில்.

முதல் நாள் என்னிடம் எதுவும் பேசாதே. மன்னிப்பு அது இது என்று ஆரம்பித்தால் அதே பேருந்தில் திரும்பிவிடுவேன். இரண்டாம் நாளும் வேண்டாம். வேலையைப் பார்ப்போம். எப்போது பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. என்னால் முடிகிற அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிடுவேன். எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு வா.

முலிக்பாய்